அவர் பெயரைக் கேட்டு வந்த அழைப்பு

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. தாம்பரத்தைத் தாண்டி, ஏரியை ஒட்டிய ஒரு புறநகரில் எங்கள் வீடு. எந்த ஊர், எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே வேலை செய்பவர்கள் தினமும் எதிரில் வந்து சிரிக்கிறவர்கள், எனக்கு எதற்கு வம்பு.

என் கணவர் தவறிச் சில வருடங்கள் ஆகின்றன. அவருடைய பட்டன் போன் மட்டும் வீட்டில் உயிரோடு இருந்தது. வீட்டு வரி, காஸ் சிலிண்டர், கரண்ட் பில், ரேஷன் கார்டு, பாங்க் என்று எதை எடுத்தாலும் அவர் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். என் வயதுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், பாதி வீட்டில் இதுதான் கதை. ஆள் போய்விடுவார், எண்ணை மாற்ற யாருக்கும் மனசு வராது, ரீசார்ஜ் மட்டும் தவறாமல் நடக்கும். கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள், "எல்லாத்தையும் உன் நம்பருக்கு மாத்தும்மா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். ஆகட்டும், ஆகட்டும் என்று நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். காலையில் காபி போட்டதும் அந்தப் போனைச் சார்ஜில் போடுவேன், அது பாட்டுக்குச் சத்தமில்லாமல் கிடக்கும்.

அன்றைக்கு அது அடித்தது. போன் கம்பெனிக்காரன்தான் காலர் டியூன் பாட்டு வைக்கச் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று எரிச்சலோடு எடுத்தேன். ஒரு பையனின் குரல். "வணக்கம் மேடம், சார் இருக்காரா?" என்று இனிஷியலோடு அவர் முழுப் பெயரையும் சொன்னான். அதோடு நிற்கவில்லை. எங்கள் கதவு எண், மாமனார் பெயர், மாடி கட்டியது வரைக்கும் சொல்லி, வீட்டு வரி விவரம் சரிபார்க்க வேண்டும், சாரிடம் பேச வேண்டும் என்றான்.

அவர் போன பிறகு அந்தப் பெயரை யாரும் முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மகளுக்கு அவர் அப்பா, தெருவுக்கு சார். தெருவிலும் என் எதிரில் அவர் பேச்சையே எடுக்க மாட்டார்கள். எடுத்தால் நான் சட்டென்று பேச்சை மாற்றிவிடுவேன், முகம் கொடுக்க மாட்டேன். அப்படிப்பட்டவளிடம் ஒருவன் மரியாதையாக அவரைக் கேட்கிறான். என் வாயிலிருந்து தானாக வந்தது பதில்.

"வெளியே போயிருக்கார்."

"பரவாயில்ல மேடம், நாளைக்குக் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டான். போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பொய் சொன்னோமே என்று உறுத்தவே இல்லை. அவர் நிஜமாகவே எங்கேயோ போயிருப்பது போலவும், மத்தியானம் செருப்பை உதறிவிட்டு உள்ளே வருவார் போலவும் இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்க்கு ருசியாக ஒரு வத்தக்குழம்பு வைத்தேன்.

மறுநாளும் கூப்பிட்டான். ஏரிப்பக்கம் நடக்கப் போயிருக்கார் என்றேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இங்கே குடிவந்தோம். அப்போது பஸ்ஸும் கிடையாது, தெரு விளக்கும் கிடையாது. சாயங்காலமானால் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கரையில்தான் நடப்பார். பொருமிக்கொண்டே பின்னால் போவேன் நான், இந்தக் காட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டீர்களே என்று. அதற்கடுத்த முறை அவரைப் பள்ளிக்கரணைக்கு அனுப்பினேன். குளிர்காலம் வந்துவிட்டால் சதுப்பு நிலத்துக்கு வரும் பறவைகளைப் பார்க்க ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். என்னையும் ஒரு தடவை கூட்டிப் போனார். வெயிலில் நின்று, எல்லாம் ஒரே மாதிரி கொக்காகத்தானே இருக்கிறது என்று நான் கேட்டதற்கு வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை.

இப்படியே போனது. நாளைக்கு அவரை எங்கே அனுப்பலாம் என்று ராத்திரி படுக்கும்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். பைத்தியக்காரத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பையனும் கொஞ்சம்கூடச் சலித்துக்கொள்ளவில்லை. "சார் சாப்பிட்டாரா மேடம், சாருக்கு உடம்பு பரவாயில்லையா" என்றெல்லாம் கேட்பான். பெற்ற மகளே இத்தனை பொறுமையாக என்னிடம் பேசியதில்லை.

ஒரு நாள் அவன் குரலில் அவசரம் தெரிந்தது. வந்த விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"மேடம், இப்பதான் சார்கிட்ட பேசினேன். நம்ம ஆபீஸ் வாசல்லதான் நிக்கிறார். எல்லாம் முடிஞ்சிருச்சு, அந்த போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும், வீட்டுல கேட்டு வாங்கிக்கன்னு அவர்தான் சொன்னார்."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா. போன் டிங் என்று சத்தம் கொடுத்தது. எண் வந்துவிட்டது. வீட்டு வரியாவது ஒன்றாவது, அது பாங்கிலிருந்து வந்திருந்தது. அவர் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம் முழுவதும் எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருந்த கணக்கில்தான் கிடந்தது. என் சாப்பாடு, என் சர்க்கரை மாத்திரை, யார் கையையும் எதிர்பார்க்காமல் நான் இருக்கும் இருப்பு, எல்லாமே அதில்தான்.

பயம் போய், பிறகு வந்தது பாருங்கள் கோபம். என் பணத்துக்குக்கூட இல்லை. அவர் சொன்னதாக ஒரு வார்த்தையை இவன் எப்படிச் சொல்லலாம் என்றுதான் வயிறு எரிந்தது. ஆனால் குரல் என்னவோ நிதானமாகத்தான் வந்தது.

"அப்படியாப்பா. அவர் எப்படி இருக்கார், இளைச்சுப் போயிருக்காரா?"

"நல்லா இருக்கார் மேடம். நம்பர் மட்டும் சொல்லுங்க."

"போனை அவர்கிட்ட குடு. நானும் ஒரு வார்த்தை பேசணும். அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாச்சு, எனக்கும் கேக்க வேண்டியது நிறைய இருக்கு."

உடனே போன் கட் ஆனது. அதன் பிறகு அவன் கூப்பிடவே இல்லை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவர் போனபோது அழாத அழுகையெல்லாம் அழுதேன்.

மகளிடம் சொன்னதும் பதறிப்போனாள். போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லி பாங்க் கணக்கை முடக்க வைத்தாள், சைபர் கிரைமுக்கும் புகார் கொடுக்க வைத்தாள். திட்டவும் செய்தாள், திட்டட்டும். தெரு வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போட்டேன். அடுத்தடுத்து, எனக்கும் வந்தது, எனக்கும் வந்தது என்று ஏகப்பட்ட பேர். எதிர் வீட்டுக்காரர் ஓ.டி.பி.யைச் சொல்லிப் பணத்தையே விட்டிருக்கிறார், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில்கூடச் சொல்லவில்லை. எல்லோருமாகத் திரண்டு வீட்டு வரி அலுவலகத்துக்குப் போனோம். முதலில் மழுப்பினார்கள். விடவில்லை. கடைசியில், வீட்டு வரி விவரங்கள் கம்ப்யூட்டரிலிருந்து கசிந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆட்டோவில் மைக் கட்டி, யாருக்கும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள் என்று தெருத்தெருவாக அறிவித்தார்கள். விவரங்களை மாற்றிக்கொள்ளச் சமுதாயக் கூடத்தில் ஒரு முகாமும் போட்டார்கள்.

வரிசையில் நின்று என் முறை வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் திரையில் எங்கள் கதவு எண்ணைச் சத்தமாகப் படித்துவிட்டு, "ஓனர் சார் வரலையாம்மா?" என்றாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது, வெளியே போயிருக்கார் என்று. அதை விழுங்கிக்கொண்டேன்.

"இல்லம்மா. அவர் இறந்துட்டார். என் பேருக்கும் என் நம்பருக்கும் மாத்தணும்."

இறந்துட்டார் என்ற வார்த்தையை ஒருவர் முகம் பார்த்து என் வாயால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. காரியத்துக்கு வந்தவர்களிடம்கூட மகள்தான் சொன்னாள். அந்தப் பெண், முதலில் எண்ணை மாற்றிவிடுகிறேன், பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கொண்டுவாருங்கள் என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது.

பின்னால் நின்ற அம்மா என் தோளைத் தொட்டார். கடற்கரை ஊர்க்காரர், அடுத்த தெருவில் வீடு கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிமுனையில் மீன் விற்பவர். நான் அவரிடம் அதுவரை பேசியதே இல்லை.

"இன்னாக்கா, அந்தப் பச்ச ஸ்கூட்டரு சாரு வூடா நீ? சாரு பூட்டாரா? வேற ஊருக்குப் பூட்டீங்கன்னு நெனச்சுகினு கீறேன் நானு."

ஓரமாகக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். அவரே பேச ஆரம்பித்தார்.

"எனக்கு மீன் பாக்கத் தெரியாது, நீயே நல்லதா எடுத்துப் போடும்பாருக்கா. வூட்ல அம்மா செவுளத் தூக்கிப் பாத்தே கண்டுபுடிச்சிடும், அப்பால நான் பேஜாராயிடுவேன்னுவாரு. அடுத்த வாரம் சிரிச்சுகினே வருவாரு. நானே பாத்து வாங்கினேன்னு சொல்லிக்கீறேன், அம்மா வந்து கேட்டா காட்டிக் குடுத்துடாதம்பாரு."

எத்தனை வருடம். பையைக் கையில் கொடுக்கும்போது, பார், நானே பொறுக்கியெடுத்தது என்று ஒரு மிதப்போடு நிற்பார். வாங்கத் தெரிந்த மனுஷன் என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான். கூடமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தேன். அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்தார். அதைப் பார்த்துவிட்டு எதிர் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவரும் தயங்கித் தயங்கி என் கணவரைப் பற்றி ஒரு கதை சொன்னார். அதுவும் எனக்குத் தெரியாத கதைதான்.

அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் மிச்சமிருக்கிறவரும் போய்விடுவார் என்று பயந்துதான் அத்தனை காலமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொன்ன பிறகுதான், எனக்குத் தெரியாத அவர் இந்த ஊரில் எத்தனை பேரிடம் இருக்கிறார் என்று தெரிந்தது.