ஹியூபேட் அண்ணன் சிக்னல் காட்டிய ஊசி

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள் பாம்பு வந்தால் ஹியூபேட் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறவனைத் தோளில் கைபோட்டு வீட்டில் கொண்டுபோய் விடுகிறவரும் அவர்தான். ஆறடி உயரம், வாசலை மறைக்கிற உடம்பு. அப்படிப்பட்ட மனிதர் ஊசியைக் கண்டால் சின்னப் பிள்ளையை விட மோசம். சொன்னால் நம்பமாட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரன் நான், கண்ணால் கண்டவன்.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவர். கப்பலிலிருந்து சாமான் இறக்கும்போது கிரேன் ஓட்டுகிறவருக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. ‘இறக்கு’, ‘நிறுத்து’, ‘கொஞ்சம் இடப்பக்கம்’ என்று கீழே நின்று கையால் காட்டுவது இவர் வேலை. இவர் கை அசையாமல் ஒரு பெட்டிகூட இறங்காது.

போன வருடம் இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. கிழமைக்கு இரண்டு நாள் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார் டொக்டர். ஒவ்வொரு முறையும் இடது கையில் இரண்டு ஊசி. சாக்குத் தைக்கிற ஊசி மாதிரித் தடிப்பு. குத்திய பிறகு நாலு மணித்தியாலம் கையை அசைக்காமல் கிடக்க வேண்டும். அதனால் நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்து நடத்துகிற காரியமும் இல்லை.

வெள்ளவத்தையில் ஒரு சிறிய டயலிசிஸ் நிலையத்துக்கு அவரையும் மனைவியையும் என் காரில்தான் கூட்டிப்போனேன். முதல் முறை கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை. இரண்டாம் முறை, கையில் கட்டிய ரப்பர் பட்டியோடு, செருப்பும் இல்லாமல், காலிக்குப் போகிற பெரிய வீதியில் பஸ் ஏறிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. பிறகு கால் வீங்கி, மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் கதிரையிலேயே தூங்குகிறார் என்று அவர் மனைவி மாக்ரெட் அக்கா வந்து அழுதார். இந்தக் கிழமை தொடங்காவிட்டால் ஆள் தப்பமாட்டார் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். கோபம் போய், எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் முறை நாங்கள் இரண்டு பேரும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றோம்.

“கண்ண மூடிக்கிட்டுச் செபத்தச் சொல்லுங்க” என்றார் மாக்ரெட் அக்கா.

“அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க அண்ணன், பாக்கவே வேணாம்” என்றேன் நான். முந்திய இரண்டு முறையும் இதையேதான் சொல்லியிருந்தோம்.

அவர் கண்ணை இறுக்கி மூடினார். ஊசி தோலைத் தொடுமுன்பே கட்டில் ஆடத் தொடங்கியது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

“ஏலாது மிஸ். என்ன விட்டுருங்க.”

யதுஷா என்ற அந்தத் தாதி கிருலப்பனையிலிருந்து வருகிறவள். வயது முப்பதுகூட இருக்காது. அவள் கோபிக்கவில்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“அங்கிள் முந்தி என்ன வேலை செய்தனீங்கள்?”

அவர் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் தெளிந்தது. “தலைக்கு மேல இருபது டன் தொங்கும் மிஸ். ஒரு நாள்கூடப் பயந்ததில்ல.”

“ஏன் பயப்படேல்லை?”

“பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்! நான் கை காட்டாம அது இறங்காதே.”

யதுஷா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். “கண்ணை மூடச் சொல்லித்தான் இவரைக் கெடுத்து வச்சிருக்கிறீங்கள்” என்று சிரித்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “அங்கிள், நல்லாப் பாருங்கோ. வலது கை சும்மாதானே இருக்குது? நீங்கள் சிக்னல் காட்டுங்கோ. காட்டாமல் நான் குத்தமாட்டன். நிறுத்தச் சொன்னால் அந்த இடத்திலேயே நிப்பன்.”

ஐந்து நிமிடம் அவளுக்குப் பாடம் நடந்தது. “அவசரப்படாதீங்க மிஸ், கை முழுசா நிக்கட்டும்” என்று ஏச்சும் விழுந்தது. பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு யதுஷா புது ஊசி எடுத்தாள்.

வலது கை உயர்ந்தது. விரல் கீழ்நோக்கிச் சின்ன வட்டம் போட்டது. ஊசி நெருங்கியது. உள்ளங்கை விரிந்தது. ஊசி அப்படியே நின்றது. மூச்சை இழுத்து விட்டார். மறுபடியும் விரல் சுழன்றது. ஊசி ஏறியது.

இரண்டாவதுதான் பொல்லாதது. பாதியில் “அம்மே!” என்று அலறினார். யதுஷா நிறுத்திவிட்டு அவர் கையைப் பார்த்தாள். வாய் அலறிக்கொண்டே இருந்தது. கை மட்டும் இறக்கு, இறக்கு என்றே காட்டிக்கொண்டிருந்தது.

இயந்திரம் ஓடத் தொடங்கியபோது அவர் முகமெல்லாம் ஈரம். துறைமுகத்துக்குள் மனைவிமாரை விடுவதில்லை. முப்பத்தாறு வருடக் கலியாணத்தில் அவர் வேலை செய்து மாக்ரெட் அக்கா அன்றுதான் கண்டார். சிரிப்பும் அழுகையுமாக அவர் நெற்றியைத் துடைத்துவிட்டார். எனக்கும் கண் கலங்கியது, மறைக்க என்ன இருக்கிறது?

“செவ்வாய்க்கிழமை திரும்ப வரோணும் அங்கிள். வருவீங்கள்தானே?” என்று யதுஷா கொஞ்சம் பயந்துதான் கேட்டாள்.

“வராம? நான் இல்லாம உங்களுக்கு யாரு சிக்னல் காட்டுறது?” என்றார் ஹியூபேட் அண்ணன்.