ஆறாவது மூலை

மெக்கானிக்கை வம்புக்கு இழுக்க வேண்டுமா? அவர் மகளைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லிப் பாருங்கள், போதும். இருபது வருடமாக இருசக்கர வண்டிகளோடு மல்லுக்கட்டும் மனிதர். வாடிக்கையாளர் எவ்வளவு கத்தினாலும் வாயைத் திறக்கமாட்டார். மகள் என்றால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

மகளுக்கு எட்டு வயது. வீட்டில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறவியிலேயே மூளை முடக்குவாதம். இடது கை எப்போதும் மூடியே கிடக்கும். மருத்துவமனையின் கைப்பயிற்சி வகுப்பில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. தொட்டால் உணர்கிற கைக்குத்தான் அந்த இடம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

சோதனை நாளில் தெரபிஸ்ட் அம்மா வாயாடியின் கண்ணைத் துணியால் கட்டி, இடது கையில் ஒரு சாவியை வைத்தார்.

"என்னன்னு சொல்லு பாப்பா."

"தெரியல."

அடுத்து சீப்பு, அதற்கடுத்து கரண்டி. எல்லாவற்றுக்கும் "தெரியல"தான். தெரபிஸ்ட் அம்மா தாளில் பூஜ்யம் போட்டார். மெக்கானிக் முன்னால் வந்தார்.

"மேடம், ஒரு நிமிஷம். இன்ஜினுக்கு அடியில கண்ணு போகாத இடத்துல நான் விரலை நகர்த்தி நகர்த்தித்தான் எது என்னன்னு கண்டுபிடிப்பேன். சும்மா வச்சிருந்தா எனக்கே ஒண்ணும் தெரியாது. இவ விரல்தான் நகராதே! பொருளை நகர்த்திப் பாக்கட்டுமா?"

தெரபிஸ்ட் அம்மா யோசித்தார். "சரி, பண்ணுங்க. ஆனா எதையும் சொல்லிக் குடுக்கக் கூடாது."

சட்டைப் பையைத் துழாவினார் மெக்கானிக். ஒரு வண்டிக்கு மாட்டுவதற்காகக் காலையில் எடுத்து வைத்த பெரிய நட்டு அகப்பட்டது. மகளின் விரல்களை மெல்லப் பிரித்து, சுட்டுவிரல் மேல் அதை உருட்டினார். வாயாடி தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"நட்டு," என்றாள். "இன்னொரு சுத்து உருட்டுங்கப்பா." உருட்டினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அஞ்சு மூலை குத்துது. ஆறாவது குத்தல. மழுங்கிப்போச்சு."

"அதெல்லாம் நல்ல நட்டுதாம்மா," என்றபடி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஸ்பேனர் வழுக்கி ஒரு மூலை தேய்ந்திருந்தது.

தெரபிஸ்ட் அம்மாவும் தடவிப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து அதேபோல அவள் விரலில் இழுத்தார். "சாவி!" என்றாள் வாயாடி. பூஜ்யத்தின் மேல் குறுக்குக் கோடு விழுந்தது.

"திங்கக்கிழமையிலேர்ந்து கூட்டிட்டு வாங்க."

மெக்கானிக்குக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "இருபது வருஷமா ஸ்பேனர் புடிக்கிற என் கையே கோட்டை விட்ட நட்டுங்க இது! எம்பொண்ணு இடது கையில கண்டுபுடிச்சிட்டா!" என்று கத்தினார். சொந்தத் தவறை இவ்வளவு சந்தோஷமாக ஊருக்கே அறிவித்த மெக்கானிக்கை அங்கே யாரும் பார்த்ததில்லை.