வவுனியாவுக்கு ஓர் இரத்த ரிப்போர்ட் எடுக்கப் போனோம்

ஊர் பார்க்கப் போன பயணமல்ல இது. என் மனைவி சுகந்திக்கு இப்போது ஆறாம் மாதம். கிளினிக்கில் இரத்தம் பார்த்தபோது சிவப்பணுக்கள் சிறிதாக இருக்கின்றன என்றார்கள். இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், பரம்பரையாக வரும் தலசீமியாவாகவும் இருக்கலாமாம். அவளோ என் சொந்த மாமாவின் மகள். இருவரிடமும் அந்தக் கூறு இருந்தால், பிள்ளைக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டிய வருத்தம் வரலாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எது என்று பார்க்க வவுனியா ஆஸ்பத்திரிக்கு இரத்தம் அனுப்பியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை 6.10க்கு நெடுங்கேணியில் பஸ் ஏறினோம். புளியங்குளம் வழியாக நாற்பது கிலோமீற்றர் சொச்சம், ஆளுக்கு 190 ரூபாய். வலப்பக்கம் இருங்கள், வெயில் அடிக்காது. நான் இடப்பக்கம் இருந்து காய்ந்தேன், மூளை வேலை செய்தால்தானே!

"என்னண்ணை, முகம் செத்துப்போய்க் கிடக்கு?" என்றார் கொண்டக்டர்.

"வருத்தக்காரி நான், முகம் செத்தது அவருக்கு," என்றாள் சுகந்தி.

ஆஸ்பத்திரியில் 8.05க்கு நம்பர்த் துண்டு எடுத்தோம். கூப்பிட 10.40 ஆனது. டொக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"பயப்பிடாதேங்கோ, தலசீமியா இல்லை. இரும்புதான் குறைவு."

அப்பாடா! எழும்பிக் கும்பிடப் போனேன். அவர் விடவில்லை.

"ஆனா ரெண்டு மாசமா இரும்புக் குளிசை போடுறா எண்டு கார்ட்டில கிடக்கு. பிறகேன் இரும்பு ஏறேல்லை? என்னத்தோட குடிக்கிறனீங்கள்?"

"இவர் ஊத்தித் தாற தேத்தண்ணியோட," என்றாள் சுகந்தி, பெருமையாக.

"தேத்தண்ணி இரும்பை உடம்பில ஏற விடாது, தம்பி. முன்னும் பின்னும் ரெண்டு மணித்தியாலம் தொடக் கூடாது. தேசிக்காய்த் தண்ணியோட குடுங்கோ."

குளிசை குமட்டுகிறது என்றாள் என்று, நாள் தவறாமல் தேத்தண்ணியைக் கடும் சாயமாக ஊற்றிக் கொடுத்தவன் நான். வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

போகிறவர்கள் கிளினிக் கார்ட்டையும் போடுகிற குளிசைகளையும் கொண்டு போங்கள். எதோடு குடிக்கிறீர்கள் என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சிவப்பணு சிறிது என்றவுடன் கடையில் இரும்புக் குளிசை வாங்கி விழுங்காதீர்கள், முதலில் காரணம் தெரியட்டும்.

வீடு வந்து, பின்னேரம் குசினியில் என் கை பழக்கத்தில் தேயிலைப் பேணிக்குத்தான் போனது. கையை இழுத்துக்கொண்டு, தேசிக்காய் பிழிந்து நீட்டினேன். சுகந்தி குவளைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதைக் குடிக்கலாமோ?"

இரண்டு மாதமாக அவள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. நான் எதை நீட்டினாலும் அப்படியே வாங்கிக் குடித்தவள்.