இரண்டு இராகு காலம்

பகுத்தறிவு பேசி ஒருவரை வாதத்தில் வெல்லலாம். பேசியதை அப்படியே ஒப்புக்கொள்பவரை என்ன செய்வது? பத்து வயதில் எனக்கு நேர்ந்த இத்தொல்லையை இன்று நினைத்தாலும் எரிச்சல் அடங்குவதில்லை.

அப்போது ரந்தாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் குடியிருந்தோம். பள்ளி விடுமுறை. பள்ளி திறந்ததும் நடக்கவிருந்த பேச்சுப் போட்டிக்காக, பூமியை நடுவிலிருந்து அகற்றிக் கதிரவனை அங்கே அமர்த்திய ஐரோப்பியப் பாதிரியாரைப் பற்றியும், குழாயில் கண்ணாடி பொருத்தி வானை நோக்கி அவர் கூற்றை ஆதரித்து, விசாரணை மன்றத்தில் மண்டியிட நேர்ந்த இத்தாலியரைப் பற்றியும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஏட்டில் உள்ளதைக் கண்ணால் பார்த்துச் சோதி என்பதே அவர்கள் உலகுக்குக் கற்பித்தது என்று என் பேச்சு முடியும். அதை வீட்டிலேயே நடைமுறைப்படுத்தியதுதான் நான் செய்த பிழை.

அக்காளுக்குச் சிரம்பானில் தாதியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு. திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணி. போர்டிக்சனில் இரவு வேலை முடித்து மாமா எட்டு மணிக்குக் காருடன் வருவதாக ஏற்பாடு. அப்பாவோ மளிகைக்கடை நாள்காட்டியைக் காட்டி, ஏழரை முதல் ஒன்பது வரை இராகு காலம், அது கழியாமல் படி இறங்கக் கூடாது என்றார். ஒன்பதுக்குப் புறப்பட்டாலும், மாமா விரட்டி ஓட்டினால் போய்ச் சேர்ந்துவிடலாம். அக்காள் அதற்கு இணங்கிவிட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

மூன்று நாள் விடியலில் திடலுக்குச் சென்று கைக்கடிகாரத்துடன் நின்றேன். ஏழு பத்துக்கு முன் சூரியன் ஒருநாளும் தலைகாட்டவில்லை. ஞாயிறன்று அப்பாவையும் இழுத்துச் சென்றேன்.

“ஆறு மணிக்கு சூரியன் வரும்னு கணக்கு வச்சு அடிச்சிருக்காங்கப்பா. இங்க ஏழு பத்துக்குத்தான் வருது. அப்போ ராகு காலமும் ஒரு மணி பத்து நிமிசம் தள்ளி எட்டு நாப்பதுக்குத்தான் ஆரம்பிக்கும். அக்கா எட்டு மணிக்கே போலாம்.”

அப்பா சூரியனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

“சரியாத்தான் சொல்ற பாப்பா. இத்தன வருசம் யாருக்கும் இது தோணலயே.”

எதிர்ப்புக்கு ஆயத்தமாக இருந்தேன், பாராட்டுக்கு அல்ல. மிதந்தபடியே வீடு திரும்பினேன். அப்பா நேரே நாள்காட்டியிடம் போய், திங்கட்கிழமைக் கட்டத்தில் பேனாவால் திருத்தி எழுதினார்.

“அச்சடிச்ச ராகு ஒம்பது வரைக்கும். பாப்பா கண்டுபிடிச்ச ராகு பத்துப் பத்து வரைக்கும். ரெண்டுல எது மெய்யோ, நமக்கு எதுக்கு வம்பு? பத்துப் பத்து கழிச்சுப் போகட்டும்.”

அக்காள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஒன்ன யாருடி கூப்பிட்டா?”

திங்கட்கிழமை எட்டு மணிக்கே மாமா வந்துவிட்டார். ஒன்பதும் கடந்தபின் அவரால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

“மச்சான், வெளிய ஜாலான்ல அவனவன் லோரி ஓட்டிட்டுப் போறான்லா. ராகு அவனுங்கள மட்டும் விட்டுட்டானா?”

“நீ தேத்தண்ணி குடி மாப்ள,” என்றார், அன்று விடுப்பில் இருந்த அப்பா. பிறகு அக்காளிடம், நான்காவது முறையாக, “மூணு வருசம் அங்கயேதான் தங்கணுமா?” என்று கேட்டார். அவள் சான்றிதழ் உறையை மடியில் வைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையசைத்தாள்.

அவர்கள் சிரம்பானை அடைந்தபோது மணி பத்தே முக்கால். பெயர்களை அழைத்து முடித்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். வீடு திரும்பியதும் அக்காள் உறையை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். “நேரம் சரியில்ல” என்றார் அப்பா. எந்த நேரத்தைச் சொல்கிறார் என்று நாள்காட்டியில் அவர் எழுதிய திருத்தத்தைப் போய்ப் பார்த்தேன்.

அடுத்த திங்கட்கிழமை, எல்லாத் திங்கட்கிழமைகளையும் போலவே, சரியாக ஏழரைக்கு அப்பா மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு செம்பனை எண்ணெய் ஆலைக்கு வேலைக்குப் போனார். அதன் ஓசை தேய்ந்து மறையும்வரை அக்காள் வாசலையே பார்த்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, என் கணக்கில் எங்கே பிழை என்று நான் தாளில் தேடிக்கொண்டிருந்தேன்.