சி.ஐ.டி தேர்ந்தெடுத்த படிப்பு

வீட்டில் அவளுக்கு சி.ஐ.டி என்று பெயர். கடையில் தள்ளுபடி என்று எழுதியிருந்தால், மேலே ஒட்டிய விலைச்சீட்டைச் சுரண்டி அடியில் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பொருளைத் தொடுவாள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் செல்லப்பிராணி மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தாள்.

ஒருநாள் ஒரு தம்பதி பழுப்பு நாயோடு வந்தார்கள். பிள்ளையைக் கடித்துவிட்டதாம், ஊசி போட்டு முடித்துவிடச் சொன்னார்கள். டாக்டர் நாயின் காதை விலக்கிப் பார்த்தார். உள்ளே சீழ் கட்டியிருந்தது. பிள்ளை அந்தக் காதைத்தான் பிடித்து இழுத்திருக்கிறது. நாய் மருந்தோடு வீடு திரும்பியது. மிருகங்கள் ஏன் இப்படியெல்லாம் நடந்துகொள்கின்றன என்பதைப் படித்து, அதையே பிழைப்பாக்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

எங்கே படிப்பது? கால்நடை மருத்துவத்துக்கு மதிப்பெண் எட்டவில்லை. அக்காவின் கணவர் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். ஒரே வருடத்தில் செல்லப்பிராணி நடத்தை நிபுணர் பட்டம், கையோடு வேலை. அத்தானுக்கு இதில் என்ன ஆதாயமோ என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. இருந்தாலும் போய்ப் பார்த்தாள்.

அந்த நிறுவனத்தின் முன்கூடத்தில் கூண்டுக்கிளி ஒன்று கரகரத்த குரலில், "வாங்க வாங்க, உக்காருங்க" என்று ஓயாமல் வரவேற்றது. மேலாளர் அம்மாவின் சிரிப்பும் ஓயவில்லை. பாடம் நடத்துவது யார் என்று கேட்டதற்கு வெளிநாட்டு நிபுணர்கள் என்றார். பயிற்சிக்கு நாய், பூனை எங்கே என்றதற்கு, எல்லாம் வரும் என்றார். படித்து முடித்தவர் யாரிடமாவது பேச வேண்டும் என்று அவள் விடாப்பிடியாக நின்றதும், பழைய மாணவி ஒருத்தியின் எண்ணைக் கொடுத்தார்.

மறுநாள் அத்தானைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். பழைய மாணவி நிறுவனத்தை வானளாவப் புகழ்ந்தாள். புகழ்ச்சிக்கு நடுவே பின்னாலிருந்து கரகரவென்று ஒரு குரல்: "வாங்க வாங்க, உக்காருங்க."

"எங்கேருந்து பேசறீங்க?"

"வீட்டுலேருந்துதாங்க."

"வீட்டுல கிளி வளக்கறீங்களா?"

இணைப்பு அறுந்தது. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் நெஜமாவே நம்பிட்டேம்மா" என்றார்.

"உங்க மேலயும் சந்தேகப்பட்டேன், அத்தான்."

"அது எனக்குத் தெரியாதா என்ன?"

அடுத்து அரசுப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறைக்குப் போனாள். கூரை ஒழுகிய கறை படிந்த அறையில் பேராசிரியை ஒருவர் சிரிக்காமல் பேசினார். விலங்கு நடத்தை இங்கே சில பாடங்கள் மட்டும்தான். இந்தப் பட்டத்தை நம்பி போர்டு மாட்ட முடியாது. மேற்படிப்பு வேண்டும், பிறகு அனுபவசாலி ஒருவருக்குக் கீழே பல வருடம் வேலை செய்ய வேண்டும் என்றார். தன் சரக்கைத் தானே மட்டம் தட்டுகிறாரே, இடத்தை வேறு யாருக்காவது ஒதுக்கிவிட்டாரோ என்று அவளுக்கு உறுத்தியது. இங்கேயும் பழைய மாணவர்களைப் பற்றிக் கேட்டாள். பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், ஒருவர் காப்பீட்டு ஏஜெண்ட், ஒரே ஒருத்திதான் இந்தத் தொழிலில் இருக்கிறாள் என்று சொல்லி விலாசம் தந்தார்.

"நான் அனுப்பினேன்னு சொல்லாதீங்க. அவளுக்கு ரெண்டு தடவை ஃபெயில் போட்டிருக்கேன். இன்னும் கோபம் தீரல."

முன்கூட்டிச் சொல்லாமல் போய் நின்றாள். அந்தப் பெண் தரையில் படுத்து, கட்டிலுக்கு அடியில் பதுங்கியிருந்த பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாமல் உட்காரும்படி கையைக் காட்டினாள். வெகுநேரம் கழித்துப் பூனை தானாக வெளியே வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். பல்கலைக்கழகப் படிப்பைப் பற்றிக் கேட்டதுமே, பேராசிரியையைக் கல்நெஞ்சக்காரி என்று திட்டித் தீர்த்தாள்.

"ஆனா சேர்றதா இருந்தா அங்கயே சேரு. அந்தம்மா தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டாங்க."

வேண்டாதவள் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை. அதில் ஓட்டை கண்டுபிடிக்க சி.ஐ.டியால் முடியவில்லை. சேர்ந்தாள். அவளும் ஒரு தாளில் கோட்டை விட்டாள், பிறகு எழுதித் தேறினாள். மேற்படிப்பு முடித்து, அந்தப் பூனைக்காரப் பெண்ணிடமே வேலை பழகினாள்.

இப்போது பழைய மருத்துவமனையிலேயே அவளுக்கு ஒரு சின்ன அறை இருக்கிறது. நாய் சும்மா கடித்தது என்று யார் சொன்னாலும் நம்புவதில்லை. வீட்டில் எடுத்த வீடியோவைக் கேட்கிறாள். போன மாதம் வந்த முதியவர் கையைத் தூக்கும்போதெல்லாம் அவருடைய நாய் பதறி ஒதுங்கியது. அடிக்கிறார் என்று முடிவுகட்டி அவரைக் குடைந்து குடைந்து கேட்டாள். பரிசோதித்த டாக்டர், நாய்க்குக் கண் மங்கிவருகிறது, கை பக்கத்தில் வந்த பிறகுதான் அதற்குத் தெரிகிறது என்றார். அவள் கூனிக்குறுகி மன்னிப்புக் கேட்டாள்.

அவர் கோபப்படவில்லை. "பயப்படாம இருக்கணும்னா இனிமே நான் எப்படிக் கிட்டப் போகணும்?" என்று மட்டும் கேட்டார்.

முதலில் குரல் கொடுங்கள் என்று சொல்லி, நாயின் அருகே தரையில் உட்கார்ந்து செய்து காட்டினாள்.