இடுப்பில் கட்டிய துண்டு

விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே டிஸ்பென்சரியில் டிரெஸ்ஸராக இருந்தேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். லீவு கேட்டு வருகிற ஒவ்வொருவனும் பொய் சொல்கிறான் என்பது என் தீர்மானம். புண்ணுக்குக் கட்டுப் போடுவதைவிட ஆளை நோட்டம் விடுவதில்தான் எனக்குக் கெட்டிக்காரன் என்று பெயர். டாக்டரும் அதற்காகவே என்னைப் பக்கத்தில் வைத்திருந்தார்.

திண்டிவனம் கேங்கில் வேலை செய்த ஏழுமலை ஒரு நாள் வந்தான். தண்டவாளம் தூக்கும்போது கால் சறுக்கி இடுப்பு பிசகிவிட்டதாம். நேராக நடந்துதான் உள்ளே வந்தான். இடுப்பில் இருந்த துண்டை அவிழ்க்கச் சொல்லிப் படுக்க வைத்தோம். வீக்கம் இல்லை. தொடை மூட்டு நன்றாகச் சுழன்றது. முதுகெலும்பைத் தட்டினால் வலி இல்லை. எழுந்து நடக்கச் சொன்னதும் வலது காலை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்தான்.

"உள்ள வர்றப்ப நல்லாத்தானேய்யா வந்தே?" என்றேன்.

"ஆமாங்க. இப்பதாங்க புடிச்சிக்கினு வலிக்கிது."

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு வாரம் பாரு. வேஷம்னு தெரிஞ்சா எழுதி அனுப்பிடறேன். வேலை போயிடும்."

என் மாமனார் வீடு திண்டிவனத்தில். ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது, நிலக்காரர்கள் வீடுகள் இருக்கும் தெருவில் ஏழுமலையைப் பார்த்தேன். தலையில் மல்லாட்டை மூட்டை, அதாவது நிலக்கடலை. நொண்டலே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மறுநாள் காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் போட்டுக்கொடுத்தேன்.

டாக்டர் கடிதம் எழுதி வைத்துக்கொண்டு ஏழுமலையை வரவழைத்தார். துண்டை அவிழ்த்து நடக்க வைத்ததும் பழையபடி நொண்டினான். அவனைக் குத்திக்காட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை. "இங்க நொண்டற. அந்தத் தெருவுல மட்டும் மூட்டையோட எப்படிய்யா நடந்தே?"

அவன் கும்பிட்டுக்கொண்டே சொன்னான்: "அந்தத் தெருவுல நாங்க துண்ட தோள்ல போட்டுக்கினு போவக்கூடாதுங்களே. எறக்கி இடுப்புல கட்டிக்கினு போனேன். தெருவத் தாண்டி அவுத்தேன், மறுபடி வலி வந்துட்சி. பயத்துல அங்க வலி தெரியலன்னு நெனச்சிக்கினேங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்க, அதே மாதிரி கட்டிக் காட்டு."

கட்டினான். வயிற்றைச் சுற்றி அல்ல. அதற்கும் கீழே, இடுப்பெலும்புகளின் மேல், இழுத்து இறுக்கி. கட்டியவன் வலது காலை மட்டும் ஊன்றி நின்றான். அவிழ்த்ததும் சாய்ந்தான். நான்கு தடவை பார்த்தோம். நான்கு தடவையும் அப்படியே.

முதுகெலும்பு கீழே ஒரு முக்கோண எலும்பில் முடிகிறது. அதன் இரு பக்கமும் இடுப்பெலும்புகள் வந்து சேரும் இடம்தான் சேக்ரோ இலியாக் ஜாயிண்ட். முழங்கையைப் போல மடங்காது, நூலளவுதான் அசையும். உடம்பின் பாரம் காலுக்கு இறங்கும் வழி அது. அங்கே இறுகப் பிடித்திருக்கும் நார்கள் தளர்ந்துவிட்டால், ஒற்றைக்காலில் பாரம் விழும்போது எலும்பு நகர்ந்து உயிர் போகிற மாதிரி வலிக்கும். சுற்றி இறுக்கினால் இரண்டு பக்கமும் சேர்ந்து நிற்கும். டாக்டர் அவன் இடுப்பெலும்புகளை இரு கைகளாலும் விலக்குவதுபோல் அழுத்தினார். ஏழுமலை அலறினான்.

எங்கள் முன்னால் மரியாதைக்காகத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தவனை நாங்களே அவிழ்க்க வைத்து, பிறகு நொண்டுவது வேஷம் என்று சந்தேகப்பட்டிருக்கிறோம்.

டாக்டர் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். கான்வாஸ் பெல்ட்டும் மூன்று மாதம் லெவல் கிராஸிங் கேட்டில் லேசான வேலையும் எழுதிக் கொடுத்தார். நான் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது ஏழுமலை மெதுவாகக் கேட்டான்:

"அப்ப நான் பொய் சொல்லலிங்களா சாமி? நீங்கள்லாம் சொல்லச் சொல்ல, எனக்கே என்மேல சந்தேகம் வந்துட்சிங்க."

நான் குனிந்து பெல்ட்டின் பூட்டை இன்னொரு தடவை சரிபார்த்தேன். டாக்டர்தான், "இல்லப்பா, நெஜமான வலிதான்" என்றார். அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

அதற்குப் பிறகும் என் சந்தேகப் புத்தி போய்விடவில்லை. ஆனால் எங்கே வலிக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாமல், எப்போது வலிக்கவில்லை என்றும் கேட்க ஆரம்பித்தேன். பொய் சொல்கிறவன் அதற்குப் பதில் தயார் பண்ணிக்கொண்டு வருவதில்லை.