ஏரிக்குக் கட்டிய கல்யாணப் பட்டு

அண்ணியின் கல்யாணப் புடவை இப்போது என் அலமாரியில் இருக்கிறது. சரிகை மின்னும் அரக்குப் பட்டு, கீழ்ப்பக்கம் முழுக்க ஏரிச் சேற்றின் கறை. பறவை பார்க்கப் போகும்போது கட்டியது என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அண்ணி பெண்கள் பள்ளியில் ஆசிரியை. சரியான பறவைப் பைத்தியம். எழுபதுகளின் தொடக்கத்தில், தை மாத ஞாயிறுகளில், விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வேடந்தாங்கல் பக்கத்து ஏரி ஒன்றுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். பளிச்சென்ற நிறம் கண்டால் பறவை மிரளுமாம்; அதற்காகச் சேற்று நிறத்தில் ஒரு நூல் புடவை வைத்திருந்தார். பட்டு நெய்கிற வீட்டு மருமகள் கட்டுகிற புடவையா இது என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஏரிக்கரையில் எங்களுக்குள் பேச்சே கிடையாது, எல்லாம் சைகைதான். அந்த ஊரார் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காதவர்கள். கூட்டில் இருக்கும் நாரைகளை யாராவது சத்தம் போட்டு எழுப்பினால் சும்மா விடமாட்டார்கள்.

அன்று நல்ல பனிமூட்டம். என்னைக் கரைமேல் நிறுத்திவிட்டு, கரண்டி போன்ற அலகுள்ள கரண்டிவாயன் பறவை ஒன்றைக் கிட்டத்தில் பார்க்க அண்ணி தண்ணீரோரம் இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் கையை உயர்த்தினார். அசையாதே, பறவை இருக்கிறது என்பதற்கு எங்கள் சைகை அது. நானும் அசையாமல் நின்றேன். மறுபடியும் கை உயர்ந்தது. பனி சற்று விலகியபோதுதான் அண்ணி இடுப்புவரை சேற்றுக்குள் போயிருந்தது தெரிந்தது. அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. கூடுகளில் குஞ்சுகள் இருந்தனவே என்று பிற்பாடு சொன்னார்.

மாடு ஓட்டிப்போன இரண்டு பேர் எங்கள் பக்கம் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். சேற்றுக்குள் சேற்று நிறப் புடவை யார் கண்ணுக்குத் தெரியும்? கூப்பிட வாயெடுத்தேன், பறவைகள் எழும்பிவிடுமே என்று மூடிக்கொண்டேன். சேறு அண்ணியின் மார்பைத் தொட்டது. அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தோன்றியதும் அலறிவிட்டேன். மரங்களிலிருந்த அத்தனை நாரைகளும் ஒரே சமயத்தில் எழும்பின.

"யாரும்மா அது, பட்சிங்கள வெரட்டிக்கினு?" என்று அந்த இருவரும் கோபமாக ஓடிவந்தார்கள். நான் கை காட்டிய பக்கம் பார்த்ததும் மாட்டுக் கயிறுகளை முடிந்து வீசினார்கள். திட்ட வந்தவர்கள்தான் அண்ணியை இழுத்துப் போட்டார்கள். அண்ணியோ, தாய்ப்பறவைகள் இல்லாத கூடுகளில் குஞ்சுகளைக் கொத்தக் காக்கைகள் இறங்குவதைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

அடுத்த தையில் கூப்பிட்டபோது, பயமாயிருக்கிறது, வரமாட்டேன் என்றேன். அண்ணி உள்ளே போய், கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இதப் பாத்தா ஒரு பறவகூட நிக்காதே, அண்ணி."

"பறவைங்க பயந்துக்கினு போவட்டும்மா. நீ பயப்படாம இரு. எங்க நின்னாலும் உன் கண்ணுக்குத் தெரிவேன்."

அதன்பின் எல்லாப் பறவைகளையும் நாங்கள் தொலைவிலிருந்தே பார்த்தோம்.

தை விடியலில் பனி இறங்கினால் இன்றும் எனக்குப் பயம் வந்துவிடும். எழுந்துபோய் அலமாரியைத் திறப்பேன். அந்த இருட்டிலும் புடவை பளிச்சென்று தெரிகிறது. அண்ணியைத்தான் காணோம்.